யார் போட்ட சிவப்பு

எங்கள் மொழிபெயர்ப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன வாரம் இப்படிக் கேட்டிருந்தார்: "சார், நீங்கள் ஒரே ஏஜென்சியை வைத்தே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்களாமே. ஒரு பெரிய கிளையன்ட் கிடைத்துவிட்டால் பிறகு கவலையே இல்லை, அப்படித்தானே?" கீழே நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஒருவர் "அனுபவம் பேசட்டும்" என்று எழுதியிருந்தார்.

அனுபவம் அப்போது ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அங்கேயே பதில் அடிக்க ஆரம்பித்து, அழித்து, மறுபடி அடித்து, மறுபடி அழித்தேன். அந்தக் குழுவில் நான் இதுவரை எழுதியது "வாழ்த்துகள்", "ஆழ்ந்த இரங்கல்" இரண்டுதான். எனக்குப் பேச வராது. நேரம் கொடுத்தால் எழுத வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

படிப்பு பிளஸ் டூ. ராயபுரத்தில் சர்ச் பள்ளிக்கூடம், தமிழ் வழி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். கப்பல் காகிதங்களை அடித்து அடித்து வந்ததுதான் என் ஆங்கிலம். படித்தால் புரியும், பேசச் சொன்னால் வராது. ஒரு நாள் லோடுமேன்களுக்கான அறிவிப்பைத் தமிழில் எழுத ஆளில்லாமல் என்னிடம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தேன். சுவரில் ஒட்டினார்கள். நாலு பேர் நின்று படித்தார்கள், யாரிடமும் எதுவும் கேட்காமல் வேலைக்குப் போனார்கள். படித்தவன் பக்கத்திலிருப்பவனிடம் "இன்னாப்பா எழுதிகீது?" என்று கேட்கவில்லை என்றால் மொழிபெயர்ப்பு சரி. இந்தத் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான். அதையும் அன்றைக்கே கற்றுவிட்டேன்.

அலுவலகத்தை மூடிய பிறகு சொந்தமாக வேலை பார்த்தேன். எனக்கு மூன்று இடங்களில் வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. பத்திரங்களுக்கு ஒரு நோட்டரி வக்கீல், துண்டறிக்கைக்கு ஓர் அச்சகம், பழைய பழக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட். மூன்று இடத்திலும் போய் நிற்க வேண்டும், பேச வேண்டும். அச்சகத்துக்காரர் என்னைப் பார்த்தாலே "இன்னா லூர்து, வாய்ல கொழுக்கட்டையா?" என்பார். அவர் அன்பாகத்தான் கேட்டார். எனக்கு அது அடுத்த நாள்வரை உறுத்தும்.

அப்போதுதான் நகரத்தின் தெற்குப் பக்கமிருந்து ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சி வந்தது. தொழிற்சாலைகளின் பாதுகாப்புக் கையேடுகள், எச்சரிக்கைப் பலகைகள், பயிற்சிக் குறிப்புகள். எல்லாம் மின்னஞ்சலில் வரும், மின்னஞ்சலில் போகும். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். என்னைப் போன்ற ஆளுக்கு அது சொர்க்கம். மற்ற மூன்று பேரையும் நான் விட்டுவிடவில்லை. வக்கீலின் குமாஸ்தா கூப்பிட்டபோது ஏஜென்சி ஃபைல் கையில் இருந்தது, "அடுத்த வாரம் பார்க்கலாமா?" என்றேன். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அச்சகத்திலும் அப்படித்தான் ஆனது. கப்பல் ஏஜென்ட் எப்போது நின்றுபோனார் என்றே எனக்கு நினைவில்லை. வீட்டு வாடகை, மகளின் நர்சிங் படிப்பு, அரிசி பருப்பு எல்லாம் ஒரே வாசல் வழியாக வர ஆரம்பித்தன.

அந்த வாசலில் இருந்தவர் வித்யா மேடம். என்னைவிட வயதில் சின்னவர். ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கடையைக் கட்டும் நேரத்தில் கூப்பிடுவார். முதலில் உடம்பு விசாரிப்பார். பிறகு, "ஒரு சின்ன வேலை சார், திங்கக்கிழமை காலைல கிடைச்சா போதும்" என்பார். சின்ன வேலை என்பது ஒரு புத்தகம். தயங்கினால், "நீங்க இல்லாம நாங்க இல்ல சார்" என்பார். ரேட்டைப் பற்றி வாயைத் திறந்தால், "பார்த்துக்கலாம் சார்." ஞாயிறு பூசைக்குப் போகும்போதும் நான் போனை அணைத்ததில்லை. நற்கருணை வரிசையில் ஒரு முறை அது நடுங்க, பாதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

இனி எங்கள் வேலை நடந்த முறையைச் சொல்ல வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான்.

ஒரு ஃபைலை ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். யார் யார் என்று இருவருக்கும் தெரியாது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நான் மூன்று. சரிபார்ப்பவர் ஒரு சொல்லை மாற்றினாலும் அது சிவப்பாக விழும். பக்கத்தில் பெரிய பிழையா, சின்ன பிழையா என்று குறிக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் கடைசிக் கட்டத்தில் பதில் எழுதலாம்.

நான் முதன்முதலில் சரிபார்த்த ஃபைல் நன்றாக இருந்தது. எதையும் தொடாமல் அனுப்பினேன். வித்யா மேடம் கூப்பிட்டார். "சார், ஃபைலைத் திறந்தீங்களா?"

"திறந்தேன் மேடம். சரியா இருக்கு."

"ரெட்டே இல்லையே சார். ரிவ்யூ நடந்துச்சுன்னு கிளையன்ட்டுக்கு எப்படிக் காட்டுறது?"

புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து நல்ல வாக்கியத்தில்கூட அங்கே ஒன்று இங்கே ஒன்று மாற்றி, "சின்ன பிழை" என்று போட ஆரம்பித்தேன். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். கல்யாண வீட்டில் வயிறு நிறைந்த பிறகும் இலையில் ஒரு கரண்டி வைக்க விடுவதில்லையா, அது மாதிரி.

ஆனால் என் ஃபைல்களைச் சரிபார்த்த ஏழாம் நம்பர் கரண்டியோடு நிற்கவில்லை, அண்டாவோடு வந்தார். நான் "கையுறை அணியவும்" என்று எழுதினால், "அணிந்துகொள்ளவும் என்பதே நன்று" என்று வரும். அடுத்த ஃபைலில் அப்படியே எழுதினால், "அணியவும் என்பதே நன்று" என்று வரும். நான் பதில் கட்டத்தில் "இரண்டும் ஒன்றே. பணிவன்புடன், 3" என்று எழுதுவேன். "தங்கள் கருத்து மதிக்கப்படுகிறது. ஆயினும் மாற்றம் அவசியம். 7" என்று திரும்பும். வருடக்கணக்கில் இப்படியே போனது. என் மனைவி ஸ்டெல்லா, நான் எரிச்சலோடு சாப்பிட உட்கார்ந்தாலே, "இன்னிக்கு ஏழாம் நம்பரா?" என்று கேட்பாள்.

ஒரு நாள் வித்யா மேடம் கூப்பிட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நேரில் வரச் சொன்னார். ஏஜென்சியின் தமிழ் வேலையில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அது எனக்கு அன்றுதான் தெரியும். நான் அவர்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், அவர்கள் இன்னொருவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "தமிழுக்கு இனிமே ஒரே ஒருத்தர் போதும்னு சொல்றாங்க சார். ரெண்டு பேரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவாங்களாம். பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்றார்.

கல்மண்டபத்தில் என்னை ஏற்றிக்கொண்ட வேன், தண்டையார்பேட்டை டோல்கேட்டில் இன்னொருவரை ஏற்றியது. ஷமீம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண். ஏறும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"நீங்கதான் அந்த இன்னொரு ஆளாண்ணே? ராயபுரமா? நம்மாளு. நான் இன்னாவோ கோட்டு சூட்டு போட்ட ஆளு வரும்னு பயந்துகினு இருந்தேன்."

நான் சிரித்தேன். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் சிரிப்பதுதான் என் வழக்கம்.

திருவொற்றியூர் தாண்டியதும் வேன் நின்றது. முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் டிரெய்லர்கள். பெயர்தான் விரைவுச்சாலை. டிரைவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். "இது இப்போதைக்கு நவுராது சார். ஹார்பர் கேட் வரைக்கும் லைன் நிக்குது. தூங்குறதுன்னா தூங்குங்க."

ஷமீம் தூங்கவில்லை. ஏஜென்சியைத் திட்ட ஆரம்பித்தார். எனக்கும் கொஞ்சம் வாய் திறந்தது.

"உங்களுக்கு எத்தினி கிளையன்ட்ணே?"

"இவங்க மட்டும்தான்."

"அல்லாவே! ஒரே டீக்கடையில அக்கவுன்ட் வெச்சா, அவன் கடையச் சாத்துன அன்னிக்கு இன்னா பண்ணுவ? நான் பர்த் சர்டிபிகேட்டு, கல்யாணப் பத்திரிக்கை, பட்டா, எது வந்தாலும் வுட மாட்டேன். இவங்க வேலை வந்தா வரட்டும், போனா போவட்டும்." பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா இவங்க வேலையில ஒரு பேஜாரு கீதுண்ணே. ஒருத்தன். மூணாம் நம்பரு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"ஆளு யாருன்னு தெரியாது. எத்த எழுதினாலும் கீறிக்கினே இருப்பான். சின்ன பிழை, சின்ன பிழை. போன மாசம் கிரேன் புக்கு ஒண்ணு பண்ணேன். பொண்ணுக்கு ஜொரம், மடியில போட்டுக்கினு அடிச்சேன். அத்தினி பக்கமும் சிவப்பு. கூடவே 'பணிவன்புடன்' வேற. பணிவாம், அன்பாம்! கையில கெடச்சான்..."

கிரேன் கையேட்டைச் சரிபார்த்தது நான். வேனில் இறங்கி ஓட இடமில்லை, இரண்டு பக்கமும் டிரெய்லர்.

"மேடம்," என்றேன். "நீங்க... ஏழா?"

ஷமீம் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பிறகு ஷமீம் சிரித்த சிரிப்பில் பக்கத்து டிரெய்லர்காரர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், நீயா அது! கையுற அணியவும்!"

"அணிந்துகொள்ளவும்," என்றேன். எனக்கே ஆச்சரியம், உடனே வந்தது.

"ரெட் போடலன்னா அந்தம்மா 'ஃபைலத் தொறந்தீங்களா'ன்னு கேக்குதேண்ணே. நான் இன்னா பண்ணட்டும்?"

"என்கிட்டயும் அதான் கேட்டாங்க."

லைன் நகரும்வரை இருவரும் மாறி மாறி அந்தக் குரலில் "பார்த்துக்கலாம் சார்" சொல்லிக்கொண்டிருந்தோம். அத்தனை வருடத்தில் தொழிலைப் பற்றி இன்னொரு ஆளிடம் நான் பேசியது அன்றுதான்.

நிறுவனத்தில் ஒரு குளிர்ந்த அறை. தமிழ் தெரியாத ஓர் அதிகாரி. பக்கத்தில் வித்யா மேடம். திரையில் ஏஜென்சி மாதாமாதம் அனுப்பிய அறிக்கைகள் ஓடின. பக்கம் பக்கமாகச் சிவப்பு. நான் போட்ட சிவப்பு, ஷமீம் போட்ட சிவப்பு. சரிபார்ப்பு நடக்கிறது என்று காட்ட அவர்கள் அனுப்பியதை, இந்த மனிதர் எங்கள் லட்சணம் என்று எண்ணிவிட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் இத்தனை பிழை செய்கிறவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கோபமில்லை, நிஜமான குழப்பம்தான்.

வித்யா மேடத்துக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் தண்ணீர் குடித்தார்.

ஷமீம் பொறுக்காமல் தமிழில் சொன்னார்: "சார், அதெல்லாம் தப்பு இல்ல சார். பார்த்தோம்ன்றதுக்கு அடையாளம். இவங்கதான் போடச் சொன்னாங்க."

அதிகாரி வித்யா மேடத்தைப் பார்த்தார். மேடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: இனிமேல் கவனமாக இருப்பதாகச் சொல்கிறார்.

இரண்டு மொழிபெயர்ப்பாளர்களை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு! எனக்கு அந்த ஆங்கிலம் எழுத்து எழுத்தாகப் புரிந்தது. இல்லை என்று சொல்ல வேண்டிய ஆங்கிலமும் மனதில் வரிசையாக நின்றது. வாய்தான் திறக்கவில்லை. ஷமீம் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அப்போதும் திறக்கவில்லை.

முடிவு அங்கேயே சொல்லப்பட்டது. இனி மொழிபெயர்ப்பை மென்பொருள் செய்யும். ஏஜென்சி ஒரே ஓர் ஆளை வைத்து அதைப் பார்த்துக் கொடுத்தால் போதும்.

ஷமீம் கைகழுவப் போயிருந்தபோது லிஃப்ட் அருகே வித்யா மேடம் என்னை ஒதுக்கினார். "சார், உங்களைத்தான் மனசுல வெச்சிருக்கேன். நீங்க இல்லாம நாங்க இல்ல. ஷமீம்கிட்ட இப்ப சொல்ல வேண்டாம், பாவம் வருத்தப்படுவாங்க. ஒண்ணே ஒண்ணு. இனிமே ரெட் வேண்டாம் சார். சாஃப்ட்வேருக்கு அவங்க செலவு பண்ணியிருக்காங்க. ரிப்போர்ட் க்ளீனா இருக்கணும்."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு இருந்தது ஒரே வாசல். வேறு எப்படி ஆட்டுவது?

திரும்பும் வழியில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "போம்போது அவ்ளோ பேச்சு. இப்ப இன்னா, ரெண்டு பேருக்கும் வாய்ல பூட்டா?" என்றார். நான் சிரித்தேன். ஷமீமும் சிரித்தார். அவர் அப்படிச் சும்மா சிரிக்கும் ஆள் இல்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மென்பொருளின் முதல் ஃபைல் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, வாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பலகை. தமிழ் நன்றாகத்தான் இருந்தது, சொல்லப் போனால் என் தமிழைவிட மினுமினுப்பு. ஒரு வரிதான். காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில், காற்று வீசும் திசையில் ஓடவும் என்று வந்திருந்தது.

ஸ்டெல்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தொழிற்சாலைகளுக்கு நடுவே எர்ணாவூரில் பிறந்தவள். அவள் தம்பி அந்தக் காட்டுப்பள்ளி நிறுவனத்தில்தான் கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறான்.

"காத்து போற பக்கமா? காஸும் அந்தப் பக்கம்தானே போவும்? கூடவே ஓடியாரச் சொல்றானா?"

"மாத்தினா சிவப்பு வுழும். வேலை போயிடும்."

ஸ்டெல்லா அரிசியைப் புடைப்பதை நிறுத்தவில்லை. "கேட்டுப் பாரு அந்தம்மாவ."

வித்யா மேடத்தை நானாகக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான். "மேடம், ஒரே ஒரு வரி" என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஃபைல்ல மார்க் பண்ண வேண்டாம் சார். தனியா ஒரு மெயில் போட்டுடுங்க. நாங்க பார்த்துக்கறோம்."

பார்த்துக்கறோம். என் ரேட்டை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியும். ஃபைலைத் திறந்தேன். வரியை மாற்றினேன். சிவப்பு விழுந்தது. பக்கத்தில் "பெரிய பிழை" என்று குறித்தேன். என் வாழ்நாளில் சின்ன பிழை எத்தனையோ போட்டிருக்கிறேன். பெரியது போட்டதாக நினைவில்லை. அனுப்பிவிட்டேன்.

திட்டு வரும் என்று காத்திருந்தேன். திட்டு வரவில்லை. நன்றியும் வரவில்லை. ஃபைலும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. கடைசியில் நானே "வேலை ஏதும் உள்ளதா?" என்று எழுதினேன். "பார்த்துக்கலாம் சார். ஹெல்த்தைப் பார்த்துக்கோங்க" என்று பதில். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். ஃப்ரீலான்சரை யாரும் எடுப்பதில்லை. கூப்பிடுவதை நிறுத்துகிறார்கள். நாமே ஒரு நாள் புரிந்துகொண்டு, ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மகளின் கடைசி வருடத்துக்கு ஸ்டெல்லாவின் வளையல்கள் போயின.

சில மாதம் கழித்து மைத்துனன் ஒரு படம் அனுப்பினான். அவன் வேலை பார்க்கும் இடத்தின் கேட்டில் புதுப் பலகை. "மாமா, இது நீ எழுதுனதா?" பெரிதாக்கிப் பார்த்தேன். காற்றுக்குக் குறுக்காக ஓடவும். என் வரி, அப்படியே.

சந்தோஷப்படுவதா, போனை எறிவதா என்று தெரியவில்லை. யாரிடமாவது காட்டினால் தேவலை என்று இருந்தது. யாரிடம் காட்டுவது? பழைய வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன்.

ஷமீம் கடையில் கூட்டம். படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "அண்ணே, இது நான் போட்ட ரெட்."

"இல்ல. இது நான் போட்டது."

"உனக்கு எப்டி அந்த ஃபைலு வந்துச்சு?"

"உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

ஷமீம் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார்.

"லிஃப்டாண்ட வெச்சு, அந்த ஒரு ஆளு நான்தான்னு மேடம் சொன்னாங்க," என்றேன்.

"எனுக்கு வெளிய கேட்டாண்ட வெச்சு," என்றார். "'லூர்து சார்கிட்ட சொல்லாதீங்க, பாவம்'னுச்சு. வேன்ல உன் மூஞ்சியப் பாக்க முடியல எனுக்கு."

அவர் கணினியில் அந்த ஃபைலைத் திறந்து காட்டினார். அதே வரி, அதே சிவப்பு, அதே "பெரிய பிழை". அவருக்கும் அதோடு ஃபைல் நின்றிருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கீறிக்கொண்டே காலம் தள்ளிய நாங்கள், ஒரு வரியை ஒரே மாதிரி எழுதியது அது ஒன்றுதான். அதற்குத்தான் இரண்டு பேரையும் நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு, அந்த வரியைப் பலகையில் போட்டுக்கொண்டார்கள்.

"யாருதுன்னு எப்டிக் கண்டுபுடிக்கிறது?" என்றார் ஷமீம்.

"முடியாது. பேர் இல்லையே."

"அப்ப என்னுதுதான்," என்று சொல்லிவிட்டு, கவுன்டரில் நின்ற ஒருவரின் காகிதத்தை வாங்கி என் கையில் திணித்தார். "சொம்மா நிக்காத. இவரு பொண்ணோட பர்த் சர்டிபிகேட்டு. இன்னா வேணும்னு கேளு. வாயத் தொறந்து கேளு."

எப்படியோ கேட்டேன். வாரத்தில் சில நாள் இப்போது அங்கே போகிறேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் முகம் இருக்கிறது. அது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேற்று ஒரு வரியில் பதில் போட்டேன்: "இல்லை அம்மா, ஒரு பெரிய கிளையன்ட் போதாது."

சிறிது நேரத்தில் கீழே ஷமீம் எழுதினார்: "சின்ன பிழை. 'இல்லவே இல்லை' என்பதே நன்று. பணிவன்புடன், 7."